கோடையில் திறக்கும் நாவல்கள்

தமிழில் புதிய நாவல்கள் தை மாதத்தில் வெளியாகின்றன. அவற்றை ஆற அமர உட்கார்ந்து படிக்க நமக்கு நேரம் வாய்ப்பது சித்திரையிலும் வைகாசியிலும். நடுவில் கிடக்கும் இந்த மூன்று, நான்கு மாதங்களைப் பற்றிப் பதிப்புலகில் அதிகம் பேச்சு இல்லை. ஒரு நாவல் வாசகரின் மனத்தில் தங்குமா, பதிப்பாளரின் கிடங்கில் தங்குமா என்பது பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் முடிவாகிறது என்று நினைக்கிறேன்.

ஜனவரியில் ஏன் இத்தனை நெரிசல் என்பது ஊரறிந்த விஷயம். 1977இல் சென்னை அண்ணா சாலை மதரஸா-இ-ஆசம் பள்ளி வளாகத்தில் சிறிய அளவில் தொடங்கிய புத்தகக் காட்சி, இன்று நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தை நிறைக்கும் திருவிழாவாகிவிட்டது. பொங்கலை ஒட்டிய அந்த விற்பனையை நம்பித்தான் பல சிறு பதிப்பகங்கள் ஆண்டு முழுக்க ஓடுகின்றன. அதனால் எழுத்தாளர் இன்னும் ஆறு மாதம் வைத்துத் திருத்தியிருக்க வேண்டிய நாவலைக் கார்த்திகைக்குள் முடித்துக் கொடுக்கிறார். பதிப்பாளர் டிசம்பர் முழுவதும் அச்சகத்துக்கும் பைண்டிங்குக்கும் நடையாய் நடக்கிறார். மெய்ப்புப் பார்ப்பவரின் மேசையில் ஒரே வாரத்தில் நான்கு புத்தகம். பசை காயாத பிரதிகள் காட்சி தொடங்கிய மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஆட்டோவில் வந்து இறங்குவதை அரங்கில் நின்றவர்கள் பார்த்திருப்பார்கள். ஐந்நூறு பக்க நாவலில் முந்நூறாவது பக்கத்துக்கு மேல் பாத்திரத்தின் பெயர் மாறிவிடுகிறது என்றால் எழுத்தாளரின் மறதியை மட்டும் குறை சொல்ல முடியாது. அவசரத்தில் முதலில் பலியாவது எடிட்டிங்.

வாங்கிச் சென்றவர் வீட்டிலும் நிலைமை சாதகமாக இல்லை. பையில் சுமந்துபோன புத்தகங்களில் மெல்லியவை முதலில் தீர்கின்றன. கவிதைத் தொகுப்பு, கட்டுரைத் தொகுப்பு, நூற்றைம்பது பக்கக் குறுநாவல். தடித்த நாவல் அலமாரியில் ஏறிவிடுகிறது. மாசியும் பங்குனியும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குத் தேர்வு மாதங்கள். பத்தாம் வகுப்போ பிளஸ் டூவோ படிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் டிவிகூட ஓடாது. அலுவலகங்களில் மார்ச் கணக்கு முடிப்பு. ஆசிரியர்களுக்கோ கட்டுக் கட்டாக விடைத்தாள்கள். தமிழ் நாவலை விடாமல் படித்துவருபவர்களில் ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் அரசு அலுவலர்களும் எத்தனை பேர் என்பது இலக்கியக் கூட்டம் ஒன்றுக்குப் போய்ப் பார்த்தாலே தெரியும். அவர்கள் யாருக்கும் ஏப்ரல் நடுப்பகுதிக்கு முன்னால் தொடர்ச்சியாக மூன்று மணி நேரம் கிடைப்பதில்லை.

அதற்குள் நாவலைப் பற்றிய பேச்சு ஓய்ந்துவிடுகிறது. ஜனவரியில் வெளியீட்டு விழா, அந்த வாரமே ஃபேஸ்புக்கில் பாராட்டு, பிப்ரவரி இதழ்களில் மதிப்புரை, மார்ச்சில் மௌனம். மே மாதத்து மத்தியானம் ஒன்றில் அந்த நாவலைக் கடைசிப் பக்கம்வரை படித்து முடித்த வாசகருக்கு, அதைப் பற்றிப் பேச யாரும் இல்லை. முழுதாகப் படித்தவர் வாய் திறக்கும் நேரத்தில் சபை கலைந்துவிடுகிறது. புரட்டிப் பார்த்தவர்களின் கருத்தே அந்த நாவலைப் பற்றிய தீர்ப்பாக நிலைத்துவிடுகிறது. இது எழுத்தாளருக்கு நடக்கும் பெரிய அநியாயம்.

முன்பு இப்படி ஒரே மாதத்தில் நாவல்கள் கொட்டியதில்லை. 1879இல் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ நூலாகவே வந்தது. ஆனால் அடுத்த தலைமுறையிலேயே நாவல் பத்திரிகைக்குள் புகுந்துவிட்டது. ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’யில் மாதா மாதம் வெளியானது. 1925இல் ‘ஜகன்மோகினி’யைக் கையில் எடுத்த வை.மு. கோதைநாயகி அம்மாள், பள்ளிக்கூடம் போகாத பெண், நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். அந்தப் பத்திரிகை வந்து சேரும் நாளுக்காக வீடுகள் காத்திருந்தன. படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்ட காலம் மெல்ல முடிந்து, ஒவ்வொருவரும் தனக்குள் மௌனமாகப் படிக்கும் பழக்கம் நாவலோடு சேர்ந்துதான் வேரூன்றியது. ஆ. இரா. வேங்கடாசலபதி ‘நாவலும் வாசிப்பும்’ என்ற நூலில் இந்த மாற்றத்தை ஆதாரங்களோடு எழுதியிருக்கிறார். தமிழ் நாவல் மீது ஆர்வம் உள்ளவர்கள் இந்தக் கோடையில் ஒரு நாவலை ஒத்திவைத்துவிட்டாவது அதைப் படிக்க வேண்டும்.

வாரப் பத்திரிகைகள் வந்த பிறகு நாவல் வீட்டுக்கு வருவது பால்காரர் வருவதைப் போல வழக்கமாயிற்று. 1950 அக்டோபரில் ‘கல்கி’யில் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ மூன்றரை ஆண்டுகள் ஓடியது. ‘ஆனந்த விகட’னில் கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ கோபுலுவின் ஓவியங்களோடு வந்தது. அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, ஊசிநூலால் தைத்தோ கடையில் கொடுத்து பைண்டு செய்தோ வைத்துக்கொண்ட குடும்பங்கள் பல. கோடை விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்கு வரும் பேரப்பிள்ளைகள் பரணிலிருந்து இறக்கிப் படித்தது இந்த பைண்டு புத்தகங்களைத்தான். ‘பொன்னியின் செல்வ’னுக்கு மணியம் வரைந்த வந்தியத்தேவனும் நந்தினியும் இரண்டு தலைமுறைக்கு அப்படித்தான் அறிமுகமானார்கள். வாரா வாரம் ஒரு அத்தியாயத்துக்குக் காத்திருந்தவர்கள் பெரியவர்கள். ஒரே மூச்சில் முழு நாவலையும் விழுங்கியவர்கள் விடுமுறைக்கு வந்த பிள்ளைகள். இரண்டும் வேறு வேறு வாசிப்பு; இரண்டாவதைச் சாத்தியமாக்கியது கோடை.

பிறகு மாத நாவல்கள். 1969இல் ‘ராணிமுத்து’ தொடங்கியது. ‘மாலைமதி’யும் அதைத் தொடர்ந்து எண்பதுகளில் ‘பாக்கெட் நாவ’லும் ‘க்ரைம் நாவ’லும் வந்தன. ரயில் நிலையத்து ஹிக்கின்பாதம்ஸ் கடையில் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்று தோரணம்போல் தொங்கிய அந்தப் புத்தகங்களில் ஒன்றை வாங்காமல் கோடைப் பயணம் கிளம்பியவர்கள் குறைவு. எழும்பூரில் வாங்கியது திருச்சிக்கு முன்னால் முடிந்துவிடும். எதிர் இருக்கைக்காரருடையதை மாற்றிக்கொண்டு மதுரைவரை ஓட்டலாம். தீவிர இலக்கியத்தின் பக்கம் நிற்பவர்கள் அந்தப் புத்தகங்களை இகழ்ந்து எழுதியதை நிறையப் படித்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாதம் தவறாமல் புதிய நாவல் கைக்கு வரும் என்ற எதிர்பார்ப்பை லட்சக்கணக்கான வீடுகளில் காப்பாற்றி வைத்திருந்தவை அவைதான். பின்னாளில் அசோகமித்திரனையும் தி. ஜானகிராமனையும் தேடிப்போன பலர் அந்த வாசலில் நுழைந்தவர்கள்.

தொலைக்காட்சித் தொடர்கள் வந்ததும் வார, மாத நாவல்களின் பிடி தளர்ந்தது. இலக்கிய நாவல் அதற்கு முன்பிருந்தே நேரடியாக நூலாக வரத் தொடங்கியிருந்தது. 1981இல் க்ரியா வெளியிட்ட சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’, 1997இல் ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’, 2008இல் சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’, 2012இல் பூமணியின் ‘அஞ்ஞாடி’ என்று வரிசையிட்டால் பக்க எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவது தெரியும். கடைசி இரண்டும் ஆயிரம் பக்கத்தைத் தாண்டியவை. இரண்டுக்கும் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. மணிக்கு முப்பது பக்கம் என்று வைத்தாலும் அவை ஒவ்வொன்றும் முப்பத்தைந்து மணி நேரம் கேட்கின்றன. அந்த நேரத்தைப் பத்துப் பத்து நிமிடமாகக் கொடுத்தால் ஊர்ப் பெயர்களும் உறவு முறைகளும் குழம்பிப்போகும். ‘அஞ்ஞாடி’யில் தலைமுறை தலைமுறையாக விரியும் கலிங்கல் கிராமத்துக் குடும்பங்களை நினைவில் நிறுத்த, ஒரு வாரமாவது அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும். மே மாதத்தில் மட்டும்தான் பலருக்கு அது முடிகிறது.

இதற்கு முற்றிலும் வேறான வழியிலும் நாவல் வந்திருக்கிறது. ஜெயமோகன் ‘வெண்முரசை’ 2014 ஜனவரி 1 முதல் 2020 ஜூலைவரை இணையத்தில் நாளுக்கொரு அத்தியாயமாக எழுதினார். இருபத்தாறு நாவல்கள். ஜகன்மோகினி காலத்து மாதக் காத்திருப்பு ஒரே நாளாகச் சுருங்கியது. காலையில் எழுந்ததும் அன்றைய அத்தியாயத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போன வாசகர்கள் உலகம் முழுவதும் இருந்தார்கள். மாதமும் கண்காட்சியும் பார்க்காமல் ஒரு நாவல் தன் வாசகரை ஆண்டு முழுதும் சந்திக்க முடியும் என்பதற்கு அண்மைக்காலத்தில் இதைவிடப் பெரிய சான்று கிடையாது.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பதிப்பகங்கள் கோடைக்கென்றே நாவல்களை ஒதுக்கி வைத்து வெளியிடுகின்றன. பத்திரிகைகள் பட்டியல் போடுகின்றன. அங்கே கோடை என்றால் கடற்கரை, விடுப்பு, இளைப்பாறல். அந்தக் கோடையை அப்படியே எடுத்து இங்கே பொருத்த முடியாது. நம் ஊரில் கோடை என்றால் தண்ணீர் லாரி, கருகிய பருத்திக் காடு, கத்தரி. தமிழ் நாவல் இந்த வெயிலிலிருந்து தப்பியோட நினைத்ததே இல்லை. நேராக அதற்குள் போய் நின்றிருக்கிறது.

பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்தது. அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு அப்பாவோடு காட்டிலும் மலையிலும் பதுங்கித் திரியும் பதினைந்து வயதுச் சிதம்பரத்தின் சில நாட்கள்தான் கதை. வேலி முள்ளும் ஓடைத் தண்ணீரும் தினைச்சோறும் அந்தப் பையனின் பயமும் ஒன்றாகவே நமக்குள் இறங்குகின்றன. 2019இல் வெற்றிமாறன் ‘அசுரன்’ என்று படமாக்கிய பிறகு பலர் நாவலைத் தேடினார்கள். படத்தில் உள்ள ஆவேசத்தை எதிர்பார்த்துப் போனவர்கள் நாவலின் நிதானத்தைக் கண்டு வியந்திருப்பார்கள். பெருமாள்முருகனின் முதல் நாவல் ‘ஏறுவெயில்’ 1991இல் வெளியானது. குடியிருப்புக் காலனி கட்ட நிலம் பறிபோன ஒரு விவசாயக் குடும்பம் எப்படிச் சிதறுகிறது என்பதை ஒரு சிறுவனின் கண்வழியே சொல்கிறது. இன்று புறநகர் மனைப்பிரிவுகளின் கல் நட்ட வயல்களைக் கடந்துபோகிற எவருக்கும் அது போன வாரம் எழுதியதாகத் தோன்றும். சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தில் ஒரு தெருவையும் ஜமுனா, சாயா என்ற இரண்டு சகோதரிகளையும் வைத்து அசோகமித்திரன் எழுதிய ‘தண்ணீர்’ மிகச் சிறிய நாவல். குடத்தோடு வரிசையில் நின்ற அனுபவம் உள்ளவர்கள் அதை இரண்டு மத்தியானத்தில் முடித்துவிடலாம். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களோடு பழகி ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘கரிப்பு மணிக’ளில் வெயில் அந்தத் தொழிலுக்கே மூலதனம், அதே வெயில் அங்கே வேலை செய்பவரின் கண்ணையும் காலையும் தின்கிறது.

அண்மைக் காலத்து வரவுகளில் இந்த வரிசைக்கு நேர் வாரிசு என்று சோ. தர்மனின் ‘சூ’லைச் சொல்வேன். உருளைக்குடி என்ற கரிசல் கிராமமும் அதன் கண்மாயும்தான் கதையின் உயிர். ஊரே சேர்ந்து தூர்வாரிக் கரை காத்த நீர்நிலை, எட்டயபுரம் அரசின் காலத்திலிருந்து சுதந்திரத்துக்குப் பிறகான காலம்வரை எப்படி யாருடையதும் இல்லாத பள்ளமாயிற்று என்று நாவல் காட்டுகிறது. 2016இல் வந்தது; 2019க்கான அகாதெமி விருது பெற்றது. கண்மாய் வற்றிக் கிடக்கும் மே மாதத்தில் அதைப் படித்தால் தலையில் அடித்ததுபோல் இருக்கும்.

தாமதமாக வாசகரைச் சேர்ந்த நாவல் என்றால் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை நினைக்காமல் இருக்க முடியாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து மலேயா, இந்தோனேசியா, அங்கே வட்டிக் கடை வைத்திருந்த செட்டியார்களிடம் வேலைக்குப் போன இளைஞன் பாண்டியன், மெடான் தெருக்கள், பினாங்கு விடுதிகள், நடுக்கடலில் புயல். எழுதி முடித்துப் பல ஆண்டு காத்திருந்து 1972இல் அச்சாயிற்று. வந்தபோது அதைக் கொண்டாட ஆளில்லை. மதுரையில் பத்திரிகை அலுவலகப் பணியும் தனியறை வாழ்க்கையுமாக இருந்த சிங்காரம் அதற்குப் பிறகு நாவலே எழுதவில்லை. பல ஆண்டுகள் கழித்து, ஒவ்வொருவராகப் படித்து, ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லி, இன்று தமிழின் தலைசிறந்த நாவல்களில் ஒன்றாக எல்லாப் பட்டியலிலும் இருக்கிறது. வெளியான சில மாதங்களில் உரிய வாசகர் பத்துப் பேர் வாய்விட்டுப் பேசியிருந்தால் அவர் இன்னொரு நாவலை எழுதியிருப்பாரோ என்ற ஏக்கம் எனக்கு ஒவ்வொரு முறை அந்த நூலை எடுக்கும்போதும் வருகிறது. மதிப்புரைக்குக் காலக்கெடு வைக்கும் நம் வழக்கத்தின் மேல் கோபமும் அதனால்தான்.

இந்தக் கோடைக்குப் புதியவற்றில் என்ன என்று கேட்பவர்களுக்கு என் கையில் இருப்பவற்றைச் சொல்கிறேன். தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ 2020இல் வெளியாகி 2023க்கான அகாதெமி விருது பெற்றது. கொங்கு நாட்டுக் குடிநாவிதர் குடும்பம் ஒன்றில் காரு மாமா என்பவரின் சாவைச் சுற்றி உறவுகள் கூடுகின்றன. இழவு வீட்டில் பழைய பகையும் பழைய அன்பும் ஒன்றாக எழுந்து வருவதை இவ்வளவு கனிவோடு எழுதியவர்கள் குறைவு. அளவில் சிறியது, ஆனால் ஓடிப் படிக்கக் கூடாது. மு. ராஜேந்திரனின் ‘காலா பாணி’, சிவகங்கை மன்னர் வேங்கை பெரிய உடையணத் தேவரும் உடன் இருந்தவர்களும் 1802இல் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்ட வரலாறு. சிங்காரத்தின் பினாங்கைப் படித்த கையோடு அதைப் படித்தால், ஒரே கடலை இரு வேறு நூற்றாண்டுகளில் கடந்ததாகும். கார்த்திக் பாலசுப்ரமணியனின் ‘நட்சத்திரவாசிகள்’ ஐ.டி. அலுவலகங்களின் உள்ளே போகிறது. அந்தத் துறையில் வேலை செய்யும் லட்சக்கணக்கான தமிழர்கள் நாவலில் தங்களைத் தேடிக் காணாமல் இருந்த குறையை அது ஓரளவு தீர்த்தது. ஷோபாசக்தியின் ‘இச்சா’ ஈழப் போரின் ஒரு பெண் போராளியைப் பின்தொடர்கிறது. ஒரே அமர்வில் படிக்கத் தூண்டும், படித்த பின் பல நாள் தூங்கவிடாது.

இந்த நூல்கள் மணப்பாறையிலோ சங்கரன்கோவிலிலோ இருக்கும் வாசகருக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பதுதான் எனக்கு உண்மையான கவலை. சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறோம். கோட்டூர்புரத்தில் 2010இல் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறந்தாயிற்று. இரண்டும் நாம் பெருமைப்பட வேண்டியவை. ஆனால் கிளை நூலகத்துக்கும் ஊர்ப்புற நூலகத்துக்கும் லைப்ரரி ஆர்டர் வழியாகப் புத்தகம் போய்ச் சேருவதற்குள் அந்த நாவலின் புதுமை போய்விடுகிறது. தையில் வந்த நாவல்களில் தேர்ந்த ஒரு சிறு தொகுதியையாவது தமிழ்ப் புத்தாண்டுக்குள் கிளை நூலகங்களின் மேசையில் வைக்க நூலகத் துறை முனைய வேண்டும். விடுமுறையில் நூலகத்துக்கு வரும் கல்லூரிப் பிள்ளை கையில் எடுப்பது அங்கே கண்ணில் படும் புத்தகத்தைத்தான்.

தபாலும் இதில் ஒரு பெரிய காரணி. பதிவுப் புத்தக அஞ்சல் என்ற மலிவான வசதியை அஞ்சல் துறை 2024 டிசம்பரில் நிறுத்தியபோது சிறு பதிப்பகங்கள் தவித்துப்போயின. நூறு ரூபாய்க் குறுநாவலுக்குக் கூரியர் கட்டணம் அறுபது, எழுபது என்றால் யார் வாங்குவார்கள்? 2025 மே 1 முதல் ‘ஞான் போஸ்ட்’ என்ற பெயரில் நூல்களுக்கான தனிச் சேவை வந்திருக்கிறது. 300 கிராம்வரை 20 ரூபாய், ஐந்து கிலோவரை 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகப் போவதால் சில நாள் கூடுதலாகும், பரவாயில்லை. நான்கு நண்பர்கள் சேர்ந்து தடித்த நாவல்களை ஒரே கட்டாக வரவழைத்து, மே மாதம் முழுக்க மாற்றி மாற்றிப் படிக்க அது போதும்.

ஒருமுறை சென்னைப் புத்தகக் காட்சியே கோடைக்கு வந்தது. 2015 டிசம்பர் வெள்ளம் நகரத்தை மூழ்கடித்ததால், 2016 ஜனவரியில் நடக்க வேண்டிய காட்சி அந்த ஆண்டு ஜூனில் தீவுத்திடலில் நடந்தது. கட்டாயத்தால் நேர்ந்த மாற்றம். மறு ஆண்டே பழைய ஜனவரிக்குத் திரும்பிவிட்டார்கள். காட்சியைக் கோடைக்கு மாற்றச் சொல்லவில்லை. பொங்கலும் புத்தகமும் சேர்ந்த அந்த வழக்கம் நீடிக்கட்டும். ஆனால் எழுதி முடித்த எல்லா நாவலும் அந்த வாசல் வழியாகவே வர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. முன்பு ஆயிரம் பிரதிக்குக் குறைந்து அச்சடித்தால் கட்டுப்படியாகாது. இப்போது இருநூறு, முந்நூறு பிரதி அடித்து, தேவைக்கேற்ப மேலும் அடித்துக்கொள்ள முடிகிறது. அச்சகங்களில் ஏப்ரலில் டிசம்பர் நெருக்கடி கிடையாது. எடிட்டருக்கும் மெய்ப்புப் பார்ப்பவருக்கும் மூன்று மாதம் கூடுதலாகக் கிடைக்கும். ஒரு பதிப்பகம் தன் ஆண்டின் சிறந்த நாவலைச் சித்திரை முதல் வாரத்தில் வெளியிட்டால், மே முழுவதும் அதற்கு வாசகர் கிடைப்பார்கள். ஜூலையில் நெய்வேலியிலும் கோவையிலும், ஆகஸ்டில் ஈரோட்டிலும், பிறகு மதுரையிலும் அதைக் கையில் எடுப்பவர்களிடம் படித்தவர்கள் பேசுவார்கள். அடுத்த தையில் நந்தனத்துக்கு அது இரண்டாம் பதிப்பாக வரும்.